உருளும் வீட்டை ஊன்றி நிறுத்துதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடுகள் மிகப் பல. டிரெயிலர் என்று வழங்கும் இவற்றினுள் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் அடங்கும். இவை விடுமுறைப் பயணத்திற்கென்றே செய்யப்படினும், சிறிது நிலம் வாங்கி, அதன்மீது டிரெயிலரை நிறுத்தி நிலையாகக் குடியிருப்போரும் அந்நாட்டில் உளர். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கத்ரீனா என்னும் சூறாவளி லூயிசியானா, மிசிசிப்பி மாகாணங்களைப் பாழாக்கியபொழுது, வீடிழந்த குடும்பங்கள் பலவற்றிற்கு அரசாங்கத்தார் அளித்த உறைவிடம் இதுவே. ஓடுவதற்கென்று அமைந்த வீட்டை நிற்கச் செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பயணத்தின்போது டிரெயிலரின் பளு டயர்களின்மீதும் வில்களின்மீதும் தங்குகின்றது. ஆண்டுக்கணக்கில் அவ்வாறே விடுவோமாயின் டயர்கள் வெடித்துக் காற்றிழக்கும். உள்ளே ஒருவர் நடப்பினும் வீடு ஆடும். நான்கு மூலைகளிலும் மடக்கி இறக்கும் ஜாக்கிக் கால்கள் உண்டே எனின், அவை ஆட்டத்தை அடக்குவதற்கு அமைந்தனவேயன்றிப் பளுவைத் தாங்குவதற்கு அமைந்தன அல்ல. அவற்றின்மீது வீட்டை ஏற்றினால் அடிச்சட்டம் வளையும், கதவு பிடிக்கும், கூரையின் பொருத்துவாய் திறந்து மழைநீர் உட்புகும்.

ஆதலின், வீட்டின் அடியில் நெடுக ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களையே தூண்களால் தாங்குதல் வேண்டும். முதலில் புல்லையும் மேல்மண்ணையும் அகற்றி, கெட்டித்த நிலத்தில் கான்கிரீட்டுத் தளம் இடுவர். அதன்மீது துளையுள்ள கான்கிரீட்டுக் கற்களைத் துளை மேனோக்கி நிற்குமாறு அடுக்குவர். துளை பக்கவாட்டில் இருப்பின் கல் பளுவில் நொறுங்கும். கல்லுக்கும் சட்டத்திற்கும் இடையே பலகை வைத்து, இருபுறத்தினின்றும் ஆப்பு அடித்து இறுக்குவர். பளு மிக்குள்ள அச்சுகளின் அருகே தூண்கள் இன்றியமையாதன. நீளம் அகலம் இரண்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தலும் வேண்டும். அம்மோனியாவைக் கொண்டு இயங்கும் குளிர்ப்பெட்டி, வீடு சாய்ந்து நின்றால் செவ்வனே குளிராது.

தென்னாட்டினராகிய நாம் கண்டறியாத இடர் ஒன்றும் உண்டு. மின்னசோட்டா, மெயின் முதலிய வடமாகாணங்களில் குளிர்காலத்தில் நிலம் பல அடி ஆழம் உறைகின்றது. உறையும் மண் கீழுள்ள நீரை மேலிழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாக வளர்த்து, தன்மேல் உள்ளவற்றைத் தூக்கிவிடும். ஆதலால் அங்கே தூணின் அடித்தளம் உறைநிலைக்குக் கீழே செல்லவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் வேலை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. காற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 25 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள பக்கச்சுவரின் பரப்பு 200 சதுர அடி. மணிக்கு 50 மைல் வேகமுள்ள காற்று அதனை ஏறக்குறைய 1,300 ராத்தல் விசையோடு தள்ளும். வேகம் இரட்டித்து 100 மைலாயின் விசை நான்கு மடங்காகி 5,000 ராத்தலைக் கடக்கும். அவ்விசை நிலத்தினின்று 6 அடி உயரத்தில் தாக்குவதாகக் கொண்டால், கவிழ்க்கும் திறன் 30,000 அடி-ராத்தல். 6,000 ராத்தல் எடையுள்ள வீடு, நடுவினின்று 3 அடி தள்ளியுள்ள தூணின்மேல் ஊன்றி எதிர்க்கும் திறனோ 18,000 மட்டுமே. முதற்காற்றில் அசையாத வீடு இரண்டாவதில் புரண்டுவிடும் என்பது வெளிப்படை.

கல்தூண் வீட்டைக் கீழிருந்து தாங்கவல்லதேயன்றி, எழும்பும் வீட்டைப் பிடித்து நிறுத்தவல்லதன்று. அதற்கென நிலத்தில் திருகி இறக்கும் நங்கூரங்களை இருபுறமும் நாட்டி, எஃகுப் பட்டைகளால் அடிச்சட்டத்தைப் பிணைத்து முறுக்குவர். பட்டைகள் சாய்வாக இருப்பின் பக்கவாட்டில் நழுவுவதையும் தடுக்கும். மண் அமிழ அமிழப் பட்டை தளருமாதலின், ஆண்டுதோறும் அவற்றையும் ஆப்புகளையும் சோதித்தல் வேண்டும். இங்ஙனம் பிணைத்த வீடும் கடும்புயலில் புகலிடம் ஆகாது; எச்சரிக்கை வந்ததும் வெளியேறி, வலிய கட்டடத்தை அடைவதே அறிவுடைமை.

சட்டத்தையும் மறத்தலாகாது. தொழிற்சாலையில் செய்யப்படும் வீடுகளுக்கென 1976ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மத்திய அரசாங்க விதிகள் பயண டிரெயிலர்களுக்குப் பொருந்தா. அவற்றில் நிலையாகக் குடியிருக்க இடங்கொடாத ஊர்களும் பல. நிலம் வாங்குமுன் ஊராட்சியாரைக் கேட்டறிதல் நலம். தாங்குதல் வேறு, பிணித்தல் வேறு. இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி, உருளும் வீடு நிலைவீடு ஆகாது.