ஆசனமும் அதிகாரமும்

ஒரு ஸ்தாபனத்தின் யோக்கியதையை அறிய விரும்புவோர் அதன் விதிப் புஸ்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது. கூட்டம் நடக்கும் சமயத்தில் வாசலில் நின்று சற்று நேரம் உள்ளே பார்க்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார், சுவரோரம் நிற்பவர் யார், எவர் பேசும்போது சபை செவி சாய்க்கிறது, எவர் வாய் திறந்ததும் சலசலப்பு உண்டாகிறது என்பனவற்றைக் கவனித்தால், விதிப் புஸ்தகம் மறைத்து வைத்த உண்மை தானே வெளிப்பட்டுவிடும்.

கடலூர் ஜில்லாவில் தெற்குத் திட்டை என்ற கிராமத்தின் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று 2020 அக்டோபரில் வெளிவந்தது. அங்கத்தினர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஜனங்களின் வோட்டினால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ தரையில் அமர்ந்திருக்கிறார். அவர் ஒரு ஸ்திரீ. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அக்கிராசனர் என்ற சொல்லுக்கு முதல் ஆசனத்தில் இருப்பவர் என்பதே பொருள். சட்டம் அவருக்கு முதல் ஆசனத்தைக் கொடுத்தது; ஊர் வழக்கமோ எந்த ஆசனத்தையும் கொடுக்கவில்லை. அதே வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கத்தில், அதே நிலையிலுள்ள மற்றொரு பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். சில நாட்கள் கழித்து, கலெக்டர் முன்னிலையில்தான் அவர் அக்கடமையைச் செய்ய முடிந்தது. பதவியில் இருப்பவர் தம் பதவியின் மிகச் சாதாரணமான கடமையைச் செய்வதற்குக் கலெக்டர் வந்து நிற்க வேண்டியிருந்ததென்றால், அந்தப் பதவிக்கு என்ன அர்த்தம்?

இக்கேள்வி புதிதன்று. 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நகல் சாசனத்தைச் சமர்ப்பித்துப் பேசுகையில், கிராம சமூகத்தைப் போற்றுவோரை டாக்டர் அம்பேத்கர் கடுமையாகக் கண்டித்தார். குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் ஜாதி வேற்றுமையும் குடிகொண்ட இடம் கிராமம் என்பது அவருடைய கருத்து. காந்தியடிகளோ கிராம சுயராஜ்யத்தையே தேசத்தின் அஸ்திவாரமாகக் கருதியவர். இறுதியில் பஞ்சாயத்துக்களை அமைக்க வேண்டுமென்பது 40-ஆவது ஷரத்தாகச் சாசனத்தில் இடம்பெற்றது. ஆயினும் அம்பேத்கர் எழுப்பிய ஆட்சேபம் தீர்ந்துவிடவில்லை. கிராமத்துக்கு அதிகாரம் கொடுக்கும்போது, கிராமத்தில் யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டாமா?

அதற்குச் சட்டபூர்வமான விடை கிடைக்க நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்த 73-ஆவது சாசனத் திருத்தம், பஞ்சாயத்து ஸ்தானங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஸ்திரீகளுக்கும், ஜனத்தொகை விகிதப்படி தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. அங்கத்தினர் ஸ்தானம் மட்டுமன்று, தலைவர் பதவிக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. 2016-இல் தமிழ்நாடு ஸ்திரீகளின் பங்கைப் பாதியாக உயர்த்தியது.

சட்டம் வந்த வேகத்தில் மனம் வரவில்லை. 1996-இல் தேர்தல் வந்தபோது மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பத்து வருஷ காலம் பஞ்சாயத்து நிலைபெறவில்லை. ஒரு சமயம் மனுச் செய்ய ஆளில்லை; மற்றொரு சமயம் மனுச் செய்தவர் வெற்றி பெற்ற உடனே ராஜிநாமாச் செய்தார். 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவில் நடந்தது இதனினும் கொடியது. பல இடையூறுகளுக்குப் பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்ற ஐவரும் 1997 ஜூன் 30-ஆம் தேதி கொலையுண்டனர். ஒரு கிராமப் பஞ்சாயத்தின் நாற்காலிக்கு ஆறு உயிர் விலையாயிற்று. சமத்துவம் என்பது மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்கும் சொல் என்று எண்ணுவோர் மேலவளவை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு துன்பத்துக்கு ஈடாக ஒதுக்கீட்டினால் விளைந்த பலன் என்னவென்று சிலர் கேட்பர். ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ராகவேந்திர சட்டோபாத்தியாயரும் எஸ்தர் டஃப்லோவும் மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானத்திலும் செய்த ஆராய்ச்சி 2004-இல் வெளியாயிற்று. எந்தப் பஞ்சாயத்து ஒதுக்கப்படும் என்பது குலுக்கல் போன்ற முறையில் அமைந்ததால், இரு வகைப் பஞ்சாயத்துக்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர்கள் உள்ள இடங்களில் குடிநீர் வசதிக்கு அதிகப் பணம் செலவாகியிருந்தது. குடம் சுமப்பவளுக்கன்றோ கிணற்றின் தூரம் தெரியும்! 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, மேற்கு வங்காளத்தில் இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவர் இருந்த கிராமங்களில், படிப்பில் ஆண் பெண் குழந்தைகளுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்ததாகக் கண்டது. பம்பாய் நகரசபையைப் பற்றி ரிகில் பவ்நானி 2009-இல் எழுதியது இன்னும் கவனிக்கத்தக்கது. முந்திய தேர்தலில் ஸ்திரீகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வட்டங்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும், ஸ்திரீ வெற்றி பெறும் வாய்ப்பு மற்ற வட்டங்களைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஒரு முறை கதவைத் திறந்துவிட்டால் அது முற்றிலும் மூடிக்கொள்வதில்லை.

ஆனால், கதவு திறப்பதும் வீடு சொந்தமாவதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தில் உள்ள ஒரு சிறு ஏற்பாட்டைப் பாருங்கள். கிராமப் பஞ்சாயத்தின் பணத்தை எடுக்கத் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. உபதலைவரை அங்கத்தினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். பணத்துக்குக் காவலாக இரண்டு கையெழுத்து வேண்டுமென்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஊரில் செல்வாக்குள்ள வகுப்பினர் உபதலைவர் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டால், அக்காவலே பூட்டாக மாறிவிடுகிறது. உபதலைவர் கையெழுத்திட மறுத்தால் தெருவிளக்கு எரியாது. குழாயில் தண்ணீர் வராது. தோட்டிக்குச் சம்பளம் கிடைக்காது. பழியெல்லாம் யார் தலையில் விழும்? நிர்வாகம் செய்யத் தெரியாதவர் என்ற பட்டம் தலைவருக்கே கிடைக்கும். ஆசனத்தை ஒதுக்கிவிட்டுப் பேனாவைப் பிறர் கையில் விட்டால் நேருவது இதுதான்.

வட நாட்டில் தலைவரின் கணவரைச் சர்பஞ்ச்பதி என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. மனைவி பெயரில் பதவி. கணவன் கையில் காரியம். இதைக் காட்டி ஒதுக்கீடே வீண் என்று வாதிப்போர் உண்டு. நமது அபிப்பிராயம் வேறு. பாத்திரத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைப்பதா, தண்ணீரே வேண்டாமென்று இருப்பதா? கணக்குப் புஸ்தகத்தை அவரிடம் காட்டாதவர் யார், அவருக்கு வர வேண்டிய தபாலைக் கணவரிடம் கொடுத்தவர் யார், அவர் வந்துபோக முடியாத நேரத்தில் கூட்டம் கூட்டியவர் யார் என்று விசாரித்தால், குற்றம் பதவியில் அமர்ந்தவரிடம் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

தகுதி என்ற வாதமும் உடனே எழும். தகுதி வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தகுதி தாயின் வயிற்றிலிருந்து வருவதில்லை, பழக்கத்தினால் வருகிறது. தலைமுறை தலைமுறையாகத் தீர்மானம் எழுதியவனுக்குத் தீர்மானம் எழுதத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? எழுதுகோலையே தொட விடாதவரை எழுதத் தெரியாதவரென்று ஏளனம் செய்வது நியாயமாகுமா?

இது கிராமத்தின் குறை மட்டும் அன்று. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளின் டைரக்டர் சபையில் ஒரு ஸ்திரீயாவது இருக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. படித்தவர் நிறைந்த சபைகளுக்கும் சட்டத்தின் தூண்டுகோல் தேவைப்பட்டது. பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் மூன்றில் ஒரு பங்கை ஸ்திரீகளுக்கு ஒதுக்கும் திருத்தம் 2023-இல் நிறைவேறியபோது, ஜனக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகே அது அமலாகும் என்ற நிபந்தனையும் கூடவே சேர்ந்தது. கிராமத்து ஸ்திரீ 1993-இல் பெற்ற உரிமைக்கு, சட்டசபை வாசலில் முப்பது வருஷத்துக்குப் பிறகும் காத்திருக்கும்படி சொன்னார்கள்.

இனி நம்மைப் பார்த்துக்கொள்வோம். இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் ஏதேனும் ஒரு சங்கத்திலோ, கட்சியிலோ, கூட்டுறவு ஸ்தாபனத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள். 'எங்கள் சங்கத்தில் ஜாதி பார்ப்பதில்லை. ஆண் பெண் என்ற வித்தியாசம் இல்லை' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பார்ப்பதில்லை என்பதாலேயே அது கண்ணுக்குத் தெரியாமல் நிலைத்திருக்கக்கூடும். காரியதரிசியாக இதுவரை இருந்தவர்கள் எத்தெருவினர்? பொருளாளர் பதவி எத்தனை முறை ஒரே வட்டத்துக்குள் சுற்றி வந்தது? கூட்டம் இரவு ஒன்பது மணிக்குத்தான் கூட வேண்டுமா? கூட்டத்துக்கு முன்பே நாலு பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் முடிவு செய்துவிட்டு, மற்றவர்களைக் கை தூக்க மட்டும் அழைக்கிறோமா? தொண்டு வேலை வரும்போது ஒருவரையும், தூது செல்லும்போது வேறொருவரையும் தேடுகிறோமா? இவற்றுக்கு நேர்மையாக விடை எழுதினால், பல சங்கங்களின் ஆண்டறிக்கையைவிட அது பயனுள்ள அறிக்கையாயிருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய மர்மமன்று. பதவியைப் பகிரும்போது கையெழுத்தையும் சாவியையும் கணக்கையும் சேர்த்துப் பகிர வேண்டும். புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுப்பதைப் பழையவரின் கடமையாக விதியிலேயே எழுத வேண்டும். ஒருவரை மட்டும் காட்சிப் பொருளாக வைக்காமல், துணை நிற்க மேலும் சிலரைச் சேர்க்க வேண்டும். தனி ஒருவரின் குரலைச் சபை எளிதில் அடக்கிவிடும். நாலு பேர் குரலை அடக்குவது கடினம். பதவிக்கு வந்தவரை அவமதிப்பவர் எவ்வளவு பெரியவராயினும் சங்கம் அவரைக் கண்டிக்க வேண்டும். அக்கண்டனம் அவமதிப்பு நடந்த கூட்டத்திலேயே எழ வேண்டும். புகைப்படம் வெளிவந்த பிறகு எழுந்து பயனில்லை.

தெற்குத் திட்டையில் புகைப்படம் வெளியான பிறகு வழக்குப் பதிவாயிற்று. உத்தியோகஸ்தர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அது சட்டத்தின் வேலை. தலைவர் தரையில் அமர்ந்திருந்த அந்த வேளையில், நாற்காலியில் இருந்த அங்கத்தினரில் ஒருவராவது எழுந்து தம் ஆசனத்தை அவர் பக்கம் நகர்த்தியிருந்தால், எந்த வழக்கும் வேண்டியிருக்காது. அடுத்த முறை நமது சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது, உட்காருவதற்கு முன் ஒரு கணம் நின்று, யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்போமாக.