விபத்துக்குப் பின் ஒரு பக்கம் கை கால் விழுந்தால்

விடியற்காலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் சாலைக்கு வருகிறவர்களிலும், காய்கறி மூட்டையுடன் சந்தைக்குப் போகிறவர்களிலும் நம் விவசாயிகள் பலர். இவர்களை லாரியோ காரோ இடித்துத் தள்ளினால், எலும்பு முறிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். தலையில் பட்ட அடி அப்படியல்ல. அடிபட்ட அன்று எழுந்து நடந்து வீடு வந்து சேர்ந்தவர், மூன்று வாரம் கழித்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து படுத்துவிடுவதுண்டு. அப்போது நஷ்டஈடு கேட்கப் போனால், "இது ரத்தக் கொதிப்பால் வந்த பக்கவாதம், விபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்கும். இந்த வழக்குகள் பல தோற்பது இந்த இடத்தில்தான்.

மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் இயக்குகிறது. பலத்த அடியில் மூளையே நசுங்கினால் அன்றே கை கால் விழுந்துவிடும். லேசான அடியில் மூளையின் மேலுறைக்கு அடியில் உள்ள சிறு ரத்தக் குழாய் அறுந்து, ரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து சேர்வதும் உண்டு. வயதானவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும், இதயக் கோளாறுக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது அதிகம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, பகலிலும் தூக்கம், பேச்சில் தடுமாற்றம், கையிலிருந்து அரிவாள் நழுவுவது, காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமலே நடப்பது ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் நோயாளியை சி.டி. ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மண்டை ஓட்டில் சிறு துளையிட்டுத் தேங்கிய ரத்தத்தை வடித்துவிட்டால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். எண்ணெய் தேய்க்கவும் புறா ரத்தம் தடவவும் அலைந்து நாளைக் கடத்தினால், திரும்ப வேண்டிய கையும் திரும்பாமல் போகும்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது?

போலீஸ் கேஸ் என்றால் அலைச்சல் என்று பயந்து, "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லிச் சிகிச்சை பெறும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது. இதைப் போன்ற கெடுதல் வேறில்லை. முதலில் பார்க்கும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் நாலு வரிதான் பிற்பாடு வழக்கின் அஸ்திவாரம். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, தலையில் அடிபட்டதா, மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாரா என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். காலில் சிராய்ப்பு மட்டும் தெரிந்தாலும், தலை தரையில் மோதியிருந்தால் அதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பின்னால் கை கால் விழுந்து வேறு ஆஸ்பத்திரியில் சேரும்போதும், இன்ன தேதியில் விபத்து நடந்தது என்று முதல் நாளே சொல்ல வேண்டும். ஸ்கேனில் தெரியும் ரத்தக் கசிவு அடிபட்டதால் வந்ததா, நோயால் வந்ததா என்பதை டாக்டர் எழுதித்தர முடியும். ஸ்கேன் படத்தையும் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது சமாதானம். இடித்தவர் ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் கொடுத்து, "இனி யாதொரு பாத்தியமும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொள்வார். ஊர்ப் பெரியவர்களும் ஒத்துப் பேசுவார்கள். தலையில் அடிபட்டிருந்தால் அப்படி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்குவது அவசியம். அது புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டியது.

எங்கே கேட்பது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 166-ஆவது பிரிவின்படி, விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நாம் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம் 1.4.2022 முதல் அமலுக்கு வந்தபின், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இருக்கிறது. கை கால் விழுந்த நாளிலிருந்து கணக்கில்லை. சிகிச்சை முடியட்டும், ஊனச் சான்று வரட்டும் என்று காத்திராமல் மனுவைப் போட்டுவிடுவது நல்லது. ஊன அளவைப் பிறகு நிரூபித்துக்கொள்ளலாம்.

யார் மீது தவறு என்று காட்ட முடியாதபோது, 164-ஆவது பிரிவில் படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் உண்டு. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 50,000 ரூபாய். அதற்குத் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். சொந்த மோட்டார் சைக்கிளில் தானே விழுந்தவர் தன் பாலிசியை எடுத்துப் பார்க்கட்டும். உரிமையாளர் விபத்துக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருந்து லைசென்சும் இருந்தால், நிரந்தர முழு ஊனத்துக்கு அதில் தொகை கிடைக்கும். டிராக்டர் டிரெய்லரில் ஆளாக ஏறிப் போனவர் பாடு கஷ்டம்தான். அவர்களுக்குப் பொதுவாக இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்பதில்லை. டிராக்டர்காரரைத்தான் கேட்க வேண்டிவரும்.

ஊனம் 60 சதம், நஷ்டம் எத்தனை?

விவசாயி அதிகம் இழப்பது இந்தக் கணக்கில்தான். மருத்துவக் குழு ஊனம் 60 சதம் என்று எழுதினால், வருமான நஷ்டமும் 60 சதம்தான் என்று கம்பெனி வாதிடும். 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியில் வரும் இழப்பு வேறு. என்ன தொழில் செய்தவர் என்று பார்த்தே இழப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்றது. இடது கை போனால் அரசு அலுவலக குமாஸ்தாவுக்கு வேலை போகாமலிருக்கலாம். தச்சருக்கோ டிரைவருக்கோ அநேகமாக முழு இழப்பு. மண்வெட்டி பிடித்துப் பாத்தி கட்டுகிறவருக்கும் அதே நியாயம்தானே?

உதாரணமாக, 42 வயது விவசாயிக்கு மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றதாக வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 25 சதம் சேர்த்தால் 15,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 14. பன்னிரண்டு மாதத்தையும் பதினான்கையும் பெருக்க 25,20,000 ரூபாய் வருகிறது. இழப்பு 60 சதம் என்றால் கிடைப்பது 15,12,000. முழு இழப்பு என்று காட்டிவிட்டால் 25,20,000. மருத்துவச் செலவு, வேதனைக்கான தொகை, கூட இருந்து தூக்கி உட்கார வைக்கும் ஆளின் செலவு எல்லாம் இதற்கு மேல். மனைவியே பார்த்துக்கொண்டாலும் ஆள் செலவைக் கேட்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

"நிலம் அப்படியேதானே இருக்கிறது, குத்தகைக்கு விட்டால் வருமானம் வருமே" என்பது கம்பெனியின் அடுத்த கேள்வி. இதற்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். சிட்டாவும் அடங்கலும் நிலத்தையும் பயிரையும் காட்டும். உழைப்பைக் காட்டுவது வேறு: பால் சங்கப் பாஸ் புத்தகம், ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, கரும்பு ஆலைப் பட்டுவாடாச் சீட்டு, உழவர் சந்தை அடையாள அட்டை. விபத்துக்குப் பின் மருந்தடிக்க, தண்ணீர் கட்ட, கறவை பார்க்க எத்தனை ஆளுக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதி, கூலி வாங்கியவரிடம் கையெழுத்தும் பெறுங்கள். முன்பு தானே செய்த வேலைக்கு இப்போது ஆள் வைக்கிறார் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சாட்சி கிடையாது. மாட்டை விற்றிருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்போர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மாற்றுத் திறனாளி என்ற தகுதியிலேயே இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்க வருகிற தரகர்களிடம் எதையும் ஒப்படைக்க வேண்டாம். பங்கு பேசி வழக்கு நடத்த வக்கீல்களுக்கு அனுமதியில்லை.