ரவுண்டானாவா, சிக்னலா? வணிகர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

தேனி நேரு சிலைச் சந்திப்பில் கம்பம் சாலை, மதுரை சாலை, பெரியகுளம் சாலை மூன்றும் கூடுகின்றன. வைகை அணை, ஆண்டிபட்டி பகுதிக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் என் போன்றோருக்கு இத்தகைய சந்திப்புகளைக் கடக்காமல் பொழுது போவதில்லை. அங்கெல்லாம் சிக்னல் நல்லதா, ரவுண்டானா நல்லதா என்று கடையில் பேச்சு வந்தால் ஆளுக்கொன்று சொல்கிறோம். வியாபாரி கணக்குப் பார்த்துத்தானே பேச வேண்டும்?

நான்கு சாலைகள் சாதாரணமாகச் சந்திக்கும் இடத்தில் வண்டியும் வண்டியும் மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் அவை 8 மட்டுமே. சிக்னலில் பச்சை விளக்கு அணைவதற்குள் தாண்டிவிடலாமென்று வேகத்தைக் கூட்டுகிறோம். ரவுண்டானாவிலோ வளைந்தே ஆக வேண்டும். வேகம் தானாகக் குறையும். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நாலில் ஒரு பங்காகிவிடும். மின்சாரம் நின்றாலும் ரவுண்டானா தன் வேலையைச் செய்யும்.

அமெரிக்காவில் 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றி ஆராய்ந்தார்கள். 2001-ல் வெளியான முடிவின்படி, மொத்த விபத்துகள் 38 சதவீதமும் காயம் ஏற்படும் விபத்துகள் 76 சதவீதமும் குறைந்தன.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே சுற்றும் வண்டிக்கு, நுழைகிற வண்டி வழிவிட வேண்டும். இங்கிலாந்து இதை 1966-லேயே விதியாக்கியது. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிமுறைகள் இதையே சொல்கின்றன. குறைகளும் உண்டு. ரவுண்டானாவுக்கு இடம் அதிகம் வேண்டும். நெரிசல் மிகுந்த இடத்தில் நடந்து போகிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் சிக்னலே உதவி.

எதை அமைத்தாலும் அதைக் கெடுப்பது யார்? பல நேரங்களில் நாம்தான். சில வருடங்களுக்கு முன், எனக்கு வந்த பருப்பு லாரியைச் சாலை முக்கை ஒட்டி நிறுத்தி மூடை இறக்கச் சொன்னேன். லாரி மறைத்ததால், எதிரே வந்த பைக்கைப் பார்க்காமல் எங்கள் மூன்று சக்கர வண்டிக்காரர் திரும்பிவிட்டார். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிச் செலவை அன்றே கட்டினேன். "தப்பு என்னுடையதுதான்ப்பா" என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஆகவே வணிகப் பெருமக்களே, ரவுண்டானா வேண்டுமென்று மனுக் கொடுப்போம், தவறில்லை. அதற்கு முன் சாலை முக்கில் சரக்கு இறக்குவதை நிறுத்துவோம். பார்வையை மறைக்கும் போர்டையும் தட்டிகளையும் உள்ளே எடுப்போம். முக்குக் கடைக்காரர் நாலடி இடம் விட்டால் வியாபாரம் படுத்துவிடாது. அந்த நாலடியில் நடந்து வருகிறவர் நம் வாடிக்கையாளர்தான்.