'பிரிப்பேர்': பின்னால் வரும் சின்னச் சொல்லில் கவனம் தேவை

எஸ்பிஎம் ஆங்கிலக் கட்டுரையிலும் வேலை விண்ணப்பக் கடிதத்திலும் அடிக்கடி இடம்பெறும் சொல் 'பிரிப்பேர்'. தயாராவது, தயாரிப்பது என இரண்டு பொருளும் அதற்கு உண்டு. எந்தப் பொருள் என்பதை அதன் பின்னால் வரும் சின்னச் சொல்தான் முடிவு செய்கிறது.

'ஐ ஏம் பிரிப்பேரிங் ஃபார் தி எக்ஸாம்' என்றால் தேர்வுக்குத் தயாராகிறேன் என்று பொருள். இது மாணவரின் வேலை. 'ஃபார்' விடுபட்டால், தேர்வுத்தாளைத் தயாரிக்கிறேன் என்றாகிவிடும். அது ஆசிரியரின் வேலை!

இதை நினைவில் வைக்கத் தமிழ் வேற்றுமை உருபே கைகொடுக்கும். தீபாவளிக்குத் தயாராகிறோம், இங்கே 'கு' இருப்பதால் ஆங்கிலத்தில் 'ஃபார்' வேண்டும். முறுக்கைத் தயாரிக்கிறோம், இங்கே 'ஐ' இருப்பதால் 'ஃபார்' வேண்டாம்.

'இன் பிரிப்பரேஷன் ஃபார்' என்ற தொடருக்கும் இதே கணக்குதான். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் வகையில் என்று எழுத, 'இன் பிரிப்பரேஷன் ஃபார் தி இன்டர்வியூ' என்பதே சரி. இங்கே பலர் 'ஆஃப்' போட்டுவிடுகிறார்கள். அறிக்கை தயாரிப்பு என்பதுபோல், உருவாக்கும் பொருளைச் சொல்லும்போதுதான் 'ஆஃப்' பொருந்தும்: 'தி பிரிப்பரேஷன் ஆஃப் தி ரிப்போர்ட்'.

வேலை தேடுவோர் அதிகம் கவனிக்க வேண்டியது 'பிரிப்பேர்ட் டு' என்ற தொடரை. இதற்குச் சம்மதம் என்று பொருள். 'ஐ ஏம் பிரிப்பேர்ட் டு வொர்க் நைட் ஷிஃப்ட்' என்று எழுதினால், இரவு வேலைக்குச் சம்மதம் என்றே நிறுவனம் எடுத்துக்கொள்ளும்.

'நாட்' சேர்ந்தால் சிக்கல் இன்னும் பெரிது. திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வர இயலாத ஒருவர், 'ஐ ஏம் நாட் பிரிப்பேர்ட் டு கம் ஆன் மண்டே' என்று எழுதினால், வர மறுக்கிறேன் என்ற தொனி வந்துவிடும். மலாயில் 'பெர்செடியா' என்ற ஒரே சொல் தயார்நிலை, சம்மதம் இரண்டையும் குறிப்பதால், அந்தப் பழக்கத்தில் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. 'ஐ ஏம் அனேபிள் டு கம் ஆன் மண்டே' என்று எழுதி, வேறு தேதி கேட்பதே பணிவானது.

கடிதத்தை அனுப்பும் முன், அந்த வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்கலாம். தேர்வுக்கா, தேர்வையா, சம்மதமா என்பது தெளிவானால், பின்னால் வர வேண்டிய சொல்லும் தெளிவாகிவிடும்.