கம்பியில்லா உணரிகளும் மின்கலச் சிக்கனமும்

மண்ணின் ஈரத்தையும் வெப்பநிலையையும் தாமே அளந்து, கம்பியின்றி வானலைகளின் மூலம் அறிவிக்குஞ் சிறு உணரிகள் இப்பொழுது கமத்தொழிலிலும் பயன்படுகின்றன. வயலிற் பல இடங்களில் நாட்டப்பட்ட உணரிகளின் செய்திகள் தளநிலையம் எனப்படும் ஒரு கருவியில் வந்து சேரும். இவற்றை வாங்க எண்ணுங் கமக்காரர் முதலில் விசாரிக்க வேண்டியது, மின்கலம் எத்துணைக் காலம் உழைக்கும் என்பதையே.

2005 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டிலே ஓர் உருளைக்கிழங்கு வயலில் ஏறக்குறைய நூறு உணரிகள் நாட்டப்பட்டன. இலைகளிடையேயுள்ள வெப்பத்தையும் ஈரப்பதனையும் அறிந்து, பைத்தொத்தோரா நோய் பரவக்கூடிய காலத்தை முன்னுணர்ந்து மருந்து தெளிப்பதே நோக்கமாகும். ஆயின் வந்து சேரவேண்டிய அளவீடுகளுள் நூற்றுக்கு 2 அளவிலேயே கிடைத்தன. கருவிகளின் செயல்நிரல்களிற் பிழைகள் இருந்தன; மின்கலங்களும் எதிர்பாராவகையில் விரைவில் ஓய்ந்தன. ஆய்வாளர் தம் தோல்வியை மறையாது 2006 இல் வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

மின் எங்கே செலவாகின்றது? ஈரத்தை அளத்தற்கு வேண்டியது சிறிதே. செய்தியை அனுப்புதற்கு வேண்டியதே பெரிது. தூரம் இருமடங்கானால், அலையைச் செலுத்தும் மின் நான்கு மடங்காகும். ஆகையால் இடையில் வேறோர் உணரியை வைத்துச் செய்தியைக் கைமாற்றுதல் நன்றெனத் தோன்றும். அஃது எப்பொழுதும் உண்மையன்று. இடையிலுள்ள கருவி செய்தியை வாங்குதற்கும் மின் செலவாகின்றதன்றோ?

அமெரிக்காவின் மசச்சூசெட்சுத் தொழினுட்பக் கழகத்தில் ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குமுறை இதனைத் தெளிவாக்கும். அதன்படி, செய்தியின் மிகச் சிறு கூறொன்றை 100 மீற்றர் தூரம் நேரே அனுப்ப 1,050 நனோயூல் வேண்டும். நடுவில் ஒரு கருவி வாங்கி அனுப்பினால் 650 போதும். ஆனால் 20 மீற்றர் தூரத்துக்கு நேரே அனுப்ப 90 நனோயூலும், இடைக்கருவி வைத்தால் 170 நனோயூலும் செலவாகும். ஏறக்குறைய 45 மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் இடைக்கருவி நட்டத்தையே தரும். கால் ஏக்கர் சதுரத் தோட்டமொன்றின் பக்கம் 32 மீற்றர் அளவினதாதலால், அத்தகைய மிளகாய், வெங்காயத் தோட்டங்களில் நேரே அனுப்புதலே சாலச் சிறந்தது.

பெரிய வயல்களில் வேறொரு தொல்லை உண்டு. எல்லாம் நேரே அனுப்பினால், தொலைவிலுள்ள உணரிகள் முதலில் ஓயும். எல்லாம் கைமாற்றினால், தளநிலையத்துக்கு அண்மையிலுள்ளவை மற்றையவற்றின் சுமையையுந் தாங்கி முதலில் ஓயும். பின்னர், அப்பாலுள்ளவை உயிரோடிருந்தும் செய்தி வராது. இதற்கு மேற்கூறிய மூவருங் கண்ட வழி நீர்முறை போன்றது. நூற்றுக்கு 5 உணரிகள் தலைமை ஏற்று, அயலிலுள்ளவற்றின் செய்திகளைத் திரட்டிச் சுருக்கி ஒன்றாக அனுப்பும். அடுத்த சுற்றில் வேறு ஐந்து தலைமை ஏற்கும். இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் 20 சுற்றுக்கு ஒருமுறையே அச்சுமை வரும். இம்முறைக்கு 'லீச்' என்று பெயர். அதே ஒலியுடைய வேறோர் ஆங்கிலச் சொல் அட்டையைக் குறிப்பதாயினும், இஃது உறிஞ்சுவதன்று, காப்பது.

செய்தி வருமோவென்று கேட்டிருத்தற்கும், அனுப்புதற்கு ஏறத்தாழச் சமமான மின் செலவாகும். மண்ணீரம் நிமிடந்தோறும் மாறுவதன்று; ஆகவே வானலைப் பகுதி பெரும்பொழுது உறங்கி, குறித்த நேரத்தில் மாத்திரம் விழிக்கும் கருவியையே தேர்க.

உணரிகளை நாட்டும்போது, பயிர் முற்றி வளர்ந்த காலத்தையும் மனத்திற் கொள்க. நீர் நிறைந்த இலைகள் வானலைகளை விழுங்கும். நாற்றுப் பருவத்தில் நன்கு வந்த செய்தி, நெல் உயர்ந்தபின் தடைப்படுதல் கூடும். ஆகவே வரம்பின்மீது கம்பு நாட்டி, அலைவாங்கியைக் கதிர்மட்டத்துக்கு மேலே நிறுத்துக.