படகு மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி

கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு நீர்வழியில் 2017இல் சூரிய மின்படகு ஓடத் தொடங்கியது. வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் மீன் குட்டை வைத்திருக்கும் விவசாயிகளும், தீவனம் தூவும் சிறு படகில் 12 வோல்ட் மின்மோட்டாரைப் பொருத்திக் கொள்ளலாம்.

வேகத்தைக் குறைக்க மின்தடைச் சுருளைச் சேர்த்தால் மின்சாரம் வெப்பமாகி வீணாகும். மின்சாரத்தை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் விட்டுவிட்டுத் தரும் மின்னணுக் கருவியில் இழப்பு மிகக் குறைவு. படகின் வேகத்தைப் பாதியாக்கினால், தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். பேட்டரி நெடுநேரம் உழைக்கும்.

அமைப்பு: 555 டைமர், 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், 0.01 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர், இரு சிறு டையோடுகள் ஆகியவை துடிப்பை உண்டாக்கும். அத்துடிப்பு மாஸ்பெட்டை இயக்கும். 30 ஆம்பியர் மோட்டாருக்கு ஐஆர்எஃப் 3205 மாஸ்பெட்டுகள் இரண்டை இணையாக இணைத்து, மைக்கா வைத்து அலுமினியத் தகட்டில் முடுக்கவும். பற்றவைப்பு வேலையை ரேடியோ, டி.வி. மெக்கானிக்கிடம் ஒப்படைப்பது நலம்.

கவனிக்க வேண்டியவை:

1. மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 30 ஆம்பியருக்குக் குறையாத ஷாட்கி டையோடு ஒன்றை இணைக்கவும். வெள்ளைக் கோடுள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். இது இல்லையேல் மாஸ்பெட் எரிந்துவிடும்.

2. பேட்டரியின் பாசிட்டிவ் முனையருகே 40 ஆம்பியர் பியூஸ் அவசியம்.

3. மாஸ்பெட் பழுதானால் பெரும்பாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும்; கட்டுப்பாட்டுக்கு அடங்காது. ஆகவே கைக்கெட்டும் இடத்தில் தனி மெயின் சுவிட்ச் வைக்கவும்.

4. கருவியை நீர் புகாத பெட்டியில் வைக்கவும்.

ஊசுடு ஏரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே வெள்ளோட்டத்தைச் சொந்தக் குட்டையிலேயே, கரையோரமாக நடத்துங்கள்.