டீச்சர் நம்பலையே!

சின்ன வயசுல காசு மேல பேப்பர் வெச்சு பென்சிலால தேய்ச்சிருப்பீங்கதானே? ஃபாசில் சேகரிக்க அந்த டெக்னிக்கே போதும் பாஸ்!

1956. இங்கிலாந்தின் சார்ன்வுட் காடு. 15 வயசு டீனா நீகஸ், பாறையில் ஃபெர்ன் இலை மாதிரி ஓர் அச்சைப் பார்த்தார். டீச்சரிடம் ஓடினால், 'அவ்வளவு பழைய பாறையில ஃபாசிலே இருக்காது' என்று பதில். டீனா விடலை. திரும்பப் போய் பேப்பரில் தேய்த்துப் படியெடுத்தார். கதை அங்கேயே நின்னுபோச்சு.

1957-ல் அதே அச்சு ராஜர் மேசன் என்ற ஸ்கூல் பையன் கண்ணில் பட்டது. அவன் அப்பாவுக்கு ஜியாலஜிஸ்ட் ட்ரெவர் ஃபோர்டைத் தெரியும். (அங்கேயும் அறிமுகம் வேணும்போல!) 1958-ல் பெயர் ரெடி: 'சார்னியா மேசோனி'. வயசு சுமார் 56 கோடி வருஷம்! எலும்பு, ஓடு எதுவுமில்லாத கடல் உயிர்; அதனாலதான் இந்த அச்சுகள் அபூர்வம். ஃபோர்டு பாசின்னு நினைச்சார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் விலங்கு என்கிறார்கள்.

டீனாதான் முதலில் பார்த்தவர் என்பதைப் பின்னாளில் மேசனே ஒப்புக்கொண்டார். பெயர் மட்டும் மாறலை.

அந்தக் கல் இப்போ லெஸ்டர் மியூசியத்தில். காட்டுப் பாறைகளில் சுத்தியல் வைக்கக் கூடாது. ஆய்வாளர்கள் சிலிக்கான் ரப்பரைப் பூசி அச்செடுத்துப் போகிறார்கள். டீனாவோட பென்சில் வேலைதான், கொஞ்சம் காஸ்ட்லியா!